வைட்டமின் என்று சொல்லித் தந்தது

எனக்கு வலிப்பு வந்ததை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆந்திராவில் தமிழ் பேசும் ஊரான நகரியில் எங்கள் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அன்று காலை ஒரு தறியில் இழை அறுந்து நின்றது. முடிச்சுப் போடக் குனிந்தேன். அதுவரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது ஆம்புலன்ஸின் வெள்ளைக் கூரையும், என் மனைவி கஸ்தூரியின் முகமும், வலது தோளில் யாரோ இரும்பைக் காய்ச்சிச் சொருகியது போன்ற வலியும்தான்.

"இன்னா ஆச்சி?" என்று கேட்டேனாம். அவள் பதில் சொன்னாளாம். மறுபடியும் அதையே கேட்டேனாம். புத்தூர் தாண்டும்வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தேன் என்று என் மகள் பவித்ரா பிறகு சொன்னாள்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலிப்பின் வேகத்தில் தசைகள் முறுக்கி இழுத்ததில் தோள்மூட்டு பின்பக்கமாக நழுவி, மேற்கை எலும்பின் தலையும் உடைந்திருந்தது. மனிதனுடைய சொந்தத் தசையே அவன் எலும்பை உடைக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. தோளை இழுத்து ஓரளவு இடத்தில் வைத்துக் கட்டினார்கள். எலும்புக்கு ஆபரேஷன் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் வலிப்பு ஏன் வந்தது என்று தெரிய வேண்டும் என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி காத்திருந்தபோது ஒரு இளம் டாக்டர் வந்து தெலுங்கிலும் தமிழிலுமாகக் கேட்டார். முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா? சர்க்கரை உண்டா? தலையில் அடிபட்டதா? கடைசியாக, "தண்ணி போடுவீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி வரும். மறைக்க வேணாம்."

நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவன் பேச்சுக்கு அங்கே எடை குறைவு. அப்போது என் பக்கத்தில் நின்றிருந்த குமரேசன் முன்னால் வந்தான்.

"டாக்டர் காரு, எங்க மாமா சாராய வாசனையே அறியாதவரு. பீடி கூட கெடயாது. நான் கேரண்டி" என்றான்.

குமரேசன் கஸ்தூரியின் தம்பி. எங்கள் ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். செய்தி கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு எங்களுக்கு முன்பே திருப்பதிக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றவன். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாதவன் நான். அவனைத்தான் அப்படி நினைத்திருந்தேன்.

டாக்டர் அடுத்து, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"வைட்டமின் மட்டும் சார்" என்றேன். "மச்சான் கடைலேர்ந்து."

"பேர் என்ன?"

நான் குமரேசனைப் பார்த்தேன். "பி காம்ப்ளெக்ஸ் சார். நாளைக்கு அட்டைய கொண்டாந்து காட்றேன்" என்றான் அவன். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த மாத்திரை என் வாழ்க்கைக்குள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பல வருஷமாகத் தறிக்கு முன்னால் நின்றும் குனிந்தும் எனக்கு இடுப்பு வலி. ஒரு தீபாவளிக்கு முன்னால், சேலை ஆர்டர் குவிந்திருந்த சமயம், நிமிரவே முடியவில்லை. குமரேசன் வீட்டுக்கு வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, கெழவன் மாறி இடுப்ப புடிச்சிக்கினு நடக்கற?"

சாயங்காலமே ஒரு காகித உறையில் கேப்சூல் போட்டு அனுப்பினான். பாதி பச்சை, பாதி மஞ்சள். "நரம்புக்கு சத்து மாத்திர. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அப்புறம் பாரு" என்று போனில் சொன்னான்.

பார்த்தேன். வலி போனது மட்டுமில்லை. காலில் புது ரத்தம் ஓடுவதுபோல் இருந்தது. தறிச் சத்தம் கூட இனிமையாகக் கேட்டது. பசி தெரியவில்லை, அசதி தெரியவில்லை. இரண்டு ஆள் வேலையை நான் ஒருவனே பார்த்தேன். கஸ்தூரி தம்பிக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்துக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். அதிலிருந்து தினமும் காலையில் அவள்தான் அந்தக் கேப்சூலை என் உள்ளங்கையில் வைப்பாள்.

சில மாதங்கள் கழித்து ஒன்று போதவில்லை. அவனிடம் சொன்னேன். "வயசாவுது இல்ல மாமா, ரெண்டு ரெண்டா போட்டுக்கோ" என்றான். ஒரு தடவை விஜயபுரத்தில் ஒரு சாவுக்குப் போய்த் தங்க வேண்டி வந்தது. மாத்திரையை எடுத்துப் போகவில்லை. மறுநாள் கொட்டாவியாக வந்தது. மூக்கு ஒழுகியது. வெயிலில் நின்றபோதே மயிர்க்கூச்செறிந்தது. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தேன். திரும்பி வந்ததும் அவனிடம் சொன்னேன்.

"பாத்தியா, ஒடம்புல சத்து எவ்ளோ கொறஞ்சி போயிருக்குது" என்றான். நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்?

ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை, புழு முட்டையும் இல்லை. சரியாகக் கழுவாத காய்கறியில் இருந்து அந்தப் புழு மூளைவரை போகுமாம். எங்கள் பக்கத்தில் வலிப்புக்கு அது ஒரு பெரிய காரணமாம். பிறகு தலை முழுக்கப் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்கும்போது முதலில் நிம்மதி வரும். மூன்றாம் முறை கேட்கும்போது பயம் வரும்.

மறுநாள் எனக்குக் கொட்டாவி ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது. உடம்பு லேசாகச் சுட்டது. எலும்பு வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு. அங்கிருந்து மலை தெரியும். அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருவதாகச் சொல்லிப் பவித்ராவைப் பயமுறுத்தியிருக்கிறேன். தோள் கட்டைப் பிய்க்கப் பார்த்தேனாம். வலிப்பு, காய்ச்சல், குழப்பம் மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் மூளைக்காய்ச்சலை நினைக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கஸ்தூரி அதைக் கேட்டதும் வேண்டாம் என்றாள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். குமரேசன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். "நான் கூட இருக்கறன் அக்கா, நீ வெளிய குந்து" என்றான்.

இடதுபக்கமாக ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்க வைத்தார்கள். அசையாமல் இருக்க வேண்டும். உடைந்த தோளை ஒரு நர்ஸ் தாங்கிக்கொண்டார். தலையைக் குமரேசன் பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியபோது நான் கத்தினேன். "ஆய்ட்ச்சி மாமா, ஆய்ட்ச்சி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று என் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. அது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. எத்தனையோ மறந்துபோன அந்த நாளில் அது மட்டும் மறக்கவில்லை.

சாயங்காலம் இட்லி வாங்கி வந்தான். நான் இரண்டு வாய் சாப்பிட்டதும், "இத்தையும் போட்டுக்கோ, சத்து மாத்திர. இங்க குடுக்கற மருந்துக்கு ஒடம்பு தாங்கணும் இல்ல" என்று கேப்சூலை வாயில் போட்டான். கஸ்தூரி அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றது. கால் அடங்கியது. மலை நின்ற இடத்தில் நின்றது. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என்னைப் பார்த்து வியந்தார். முதுகு நீரில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் தொற்றுக்காக ஏற்றிய மருந்து வேலை செய்திருக்கலாம் என்றார். இன்னும் சில நாள் அதைத் தொடர்ந்து ஏற்றச் சொன்னார். எனக்கு இல்லாத ஒரு நோய்க்கு என் நரம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. குமரேசன் சொன்னபடியே ஒரு அட்டையைக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டினான். சிவப்பு நிற பி காம்ப்ளெக்ஸ். டாக்டர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கஸ்தூரியும் அதைப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், சித்தூர்க்காரர், எங்கள் தமிழையே தெலுங்கு ராகத்தில் பேசினார். என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பல் ஆடுகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு மாத்திரை. நான் வைட்டமின் என்றேன். குமரேசன் அட்டையை நீட்டினான்.

அவர் அட்டையை வாங்கவில்லை. என் கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்பாப்பா ரொம்பச் சின்னதா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ஏமண்டி, நாளைக்கு டேபிள்ல உங்க உசுருக்குப் பொறுப்பு ரெண்டு பேர். ஒருத்தர் மேல மலையில இருக்கார். அவருக்கு எல்லாம் தெரியும். இன்னொருத்தன் நான். எனக்கு நீங்க சொன்னாத்தான் தெரியும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கஞ்சா, அபின், எதுவா இருந்தாலும் நான் திட்டமாட்டேன். ஆனா மறைச்சா, ஒண்ணு, நான் குடுக்கற மருந்து உங்களுக்கு ஏறாது, ஆபரேஷன் நடுவுல வலி தெரியும். இல்லன்னா ஏற்கெனவே உள்ள இருக்கறதோட சேர்ந்து மூச்ச நிறுத்திடும். நிஜம் செப்பண்டி."

"நெசமாத்தான் சார். வைட்டமின்தான்."

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். அப்போது கஸ்தூரி பேசினாள்.

"இது இல்ல சார்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"எங்க ஊட்டுக்காரரு சாப்பிட்டது இந்த மாத்திர இல்ல. தெனம் காலைல நான்தான் என் கையால குடுப்பேன். அது கேப்சூலு. பாதி பச்ச, பாதி மஞ்ச. இது செவப்பு. இவன் இத்த கொண்டாந்து காட்னப்பவே கேக்கணும்னு நெனச்சேன். தம்பி ஆச்சே, தெரியாம மாத்தி எடுத்தாந்துட்டான் போலன்னு உட்டுட்டேன்." அவள் குரல் உயரவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினாள். "சொல்லுடா. அது இன்னா?"

"அக்கா, அதுவும் சத்து மாத்திரதான்..."

"நீ பொறந்தப்ப உன்ன மொதல்ல தூக்கினவ நான். உன் பொய் எனக்குத் தெரியும். மூச்சி நின்னுடும்ங்கறாரு. சொல்லு."

குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னான். டிரமடால்.

மயக்க டாக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று அவனிடமே கேட்டார். கடைசியாக எப்போது என்ற கேள்விக்கு அவன், "இன்னிக்கி காலைல" என்றான். "இங்கயா?" என்று டாக்டர் கேட்டார். அவன் தலையாட்டினான்.

எனக்கு அந்தப் பெயர் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. முதுகில் ஊசி இறங்கியபோது இவனுக்குத் தெரியும்.

ஆபரேஷன் தள்ளிப்போடப்பட்டது. எலும்பு டாக்டரோடு மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்தார். எனக்குக் கோபம் வந்தது. "எனக்குப் பைத்தியமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கும் பவித்ராவுக்கும் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் உடம்பே வலியை அடக்க ஒரு மருந்தைச் சுரக்கிறது. அபின், அதிலிருந்து வரும் மார்ஃபின், ஆய்வுக்கூடத்தில் செய்த இந்த டிரமடால் எல்லாம் அந்தச் சொந்த மருந்தின் இடத்தில் போய் உட்காருபவை. அவசரத்துக்கு வந்தால் உதவி. தினமும் வந்தால், உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வருவது திடீரென்று நின்றால் உள்ளேயும் சரக்கு இல்லை, வெளியேயும் இல்லை. அதுதான் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, கால் தவிப்பு, வயிற்றுப்போக்கு.

"ஆனா எனக்கு மயக்கமே இல்லீங்களே மேடம். சுறுசுறுப்பா இல்ல இருந்துது" என்றேன்.

"இந்த மருந்துக்கு ரெண்டு குணம்" என்றார். "ஒரு பக்கம் வலியை அமுக்கும். இன்னொரு பக்கம் மூளையைத் தட்டி எழுப்பும். ராத்திரி லாரி ஓட்டறவங்க தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை போடறாங்களே, அது வேற வகை. ஆனா ரெண்டும் செய்யறது ஒரே மோசம். உங்க அசதியை அது தீர்க்கல. அசதியா இருக்குன்னு சொல்ற வாயை மட்டும் அடைச்சிடுது. இடுப்பு உள்ள தேய்ஞ்சிக்கிட்டேதான் இருந்தது. தட்டி எழுப்பற அந்தக் குணம் அளவு மீறினா வலிப்பு. சில பேருக்குத் திடீர்னு நிறுத்தினாலும் வரும்."

பவித்ரா கேட்டாள். "டாக்டரே எழுதித் தர்ற மருந்துதானே மேடம் இது?"

"ஆமாம்மா. எழுதித் தர்றோம். இவ்வளவு நாள், இவ்வளவு அளவுன்னு சொல்லித் தர்றோம். நல்ல மருந்து. உங்க அப்பாவுக்கு யாரும் மருந்து தரல. பேரை எடுத்துட்டுப் பொருளை மட்டும் தந்திருக்காங்க."

அடுத்த நாட்களை நான் விரும்பி நினைப்பதில்லை. நடுக்கத்துக்கு ஒரு மருந்து, வயிற்றுக்கு ஒன்று, வலிப்பு திரும்பாமல் இருக்க ஒன்று என்று தந்தார்கள். இருந்தாலும் உடம்பு கேட்டது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. பவித்ரா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு, என் பாதங்களை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பாள். அவள் கை ஓய்ந்தால் கஸ்தூரி. வேட்டியை மாற்ற வேண்டி வந்தபோதெல்லாம் பெண் பிள்ளை முன்னால் நான் கூனிக் குறுகினேன். அவள், "நைனா, கண்ண மூடிக்கோ, நானும் மூடிக்கறேன்" என்று சொல்லி அம்மாவுக்குத் துணியை எடுத்துக் கொடுப்பாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

வெட்கம் விட்டுச் சொல்கிறேன். அந்த வேதனையில் நான் யாரைத் தேடினேன் தெரியுமா? குமரேசனைத்தான். அவன் வரமாட்டானா, வாயில் ஒன்று போடமாட்டானா என்று வார்டு வாசலைப் பார்த்தபடி கிடந்தேன். அவன் என்னை ஏமாற்றினான் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. என் உடம்பே அவன் கட்சியில் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் இருந்தார். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, கட்டிலிலிருந்து இறங்கும்போதே தொடை எலும்பு முறிந்துபோனவர். அவருக்கு நேரம் தவறாமல் மார்ஃபின் மாத்திரை தருவார்கள். நர்ஸ் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து, அவர் விழுங்கும்வரை நிற்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு எச்சில் ஊறும். உடனே ஆத்திரமும் வரும்.

ஒரு மத்தியானம் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "என்ன நாயனா, அப்படிப் பாக்கற? இது வர்றதுக்கு முன்னால என் பொண்டாட்டி என்னைத் தொட்டா அலறுவேன். இப்ப அவ ஊட்டிவிட்டா சாப்பிடறேன். பேரன்கிட்ட போன்ல பேசறேன். எனக்கு நோய் தீராது, தெரியும். ஆனா மனுசனா இருக்கேன்."

மருந்தின் மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் இடம் மாறியது. அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆள் அடுத்த நாள் வந்தான். கஸ்தூரி அவனைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். கட்டில் கால்மாட்டில் நின்றான்.

"மாமா, தப்பா நெனைக்காத. மொதல்ல நெசமா உன் வலிக்குத்தான் குடுத்தேன்."

"வைட்டமின்னு ஏன் சொன்ன?"

"வலி மாத்திரன்னா நீ போட்டுக்க மாட்ட. கிட்னி போயிடும்பே. அப்புறம் ஒருவாட்டி நிறுத்தலாம்னு பாத்தேன் மாமா. நெசமான வைட்டமின கேப்சூல்ல போட்டு அனுப்பனேன். நீ தூங்கல, சாப்பிடல, பவித்ராவ அடிக்கப் போன. அக்கா போன்ல அழுதுச்சி. தாங்கல, மறுபடி குடுத்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்டி சொல்றது? டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது அது. வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்."

"இங்க டாக்டர் கேட்டாரே. முதுவுல ஊசி போட்டாங்களே. என் தலய புடிச்சிக்கினு அழுதியே. அப்ப?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப கூட லைசென்ஸா?"

"இனிமே அந்த சரக்கே கடைல வெக்கமாட்டேன் மாமா. பவித்ரா மேல சத்தியம்" என்றான்.

"எம் பொண்ணு பேர உன் வாயால சொல்லாத" என்றேன். போய்விட்டான்.

பிறகு ஆபரேஷன் நடந்தது. அதே மயக்க டாக்டர். கழுத்தோரத்தில் ஊசி போட்டுக் கையின் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்து, அதற்கு மேல் மயக்கமும் தந்தார். முடிந்த பிறகு வலி வந்தபோது நர்ஸ் ஒரு ஊசியோடு வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அது அபின் வகையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். மயக்க டாக்டரே வந்தார்.

"எது, எவ்வளவு, எப்ப நிறுத்துவேன்னு மூணும் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று தொடங்கிச் சொன்னார். பவித்ரா திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகுதான் கையை நீட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு மருந்தைப் பற்றி என்னிடம் ஒருவர் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னபடியே நிறுத்தவும் செய்தார்.

வீட்டுக்கு வந்தேன். வலது கை தோளுக்கு மேல் இன்னும் எழவில்லை. இடுப்பு வலி பழையபடி வந்துவிட்டது. பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி குப்புறப் படுத்துக் காலைத் தூக்குகிறேன். தறியில் பாதி நேரம்தான் நிற்கிறேன். குமரேசன் கடைப் பக்கம் நாங்கள் போகவில்லை. அவன் அந்த மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டான் என்று காதில் விழுந்தது. சத்தியத்தைக் காப்பாற்றினானே என்று எனக்கே ஒரு நிமிஷம் அவன் மேல் இரக்கம் வந்தது.

சில நாள் கழித்து எதிர்த்தெருத் தறிக்காரர் ஏகாம்பரம் என்னைப் பார்க்க வந்தார். நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். துண்டால் மூக்கைத் துடைத்தார். நல்ல வெயில் நேரம். அவர் முன்கையில் மயிர் குத்திட்டு நின்றது. நாற்காலிக்கு அடியில் அவர் கால்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

"குமரேசன் கடைல சத்து மாத்திர வாங்குவியாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆமாம்பா. நாலு நாளா ஸ்டாக் இல்லன்னுட்டான். ஒடம்பு ஒரு மாறி கீது. எங்க தெருவுல எல்லாருக்கும் ஏதோ ஜுரம் பரவுது போல. கோயிலாண்ட ஊட்ல ஒருத்தருக்கு நேத்து வலிப்பே வந்துட்ச்சாம்."

எல்லாருக்கும். நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு, அத்தனை பேருக்கும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, ஏன் என்று ஒருவருக்கும் சொல்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். ஏகாம்பரத்தை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன். "வெளிய வா" என்றாள். "யார் யாருக்குக் குடுத்தியோ, அந்த ஊட்டு வாசல்ல நின்னு நீயே சொல்லு. அது இன்னா மாத்திர, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்லு. உன் மாமா அனுபவிச்சது போதும்."

வந்தான். தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் பின்னாலேயே ஏகாம்பரத்தின் வீட்டு வாசல்வரை வந்தான். அவர் மனைவி வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "இன்னா குமரேசா, மாத்திர வந்துட்ச்சா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

அவன் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "சப்ளை இல்லக்கா" என்றான். "கம்பெனிலயே இல்ல. வைட்டமின்தானே, நாலு நாள் இல்லன்னா ஒண்ணியும் ஆவாது."

கஸ்தூரி அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவனை இதற்கு முன் பார்த்தே இராதவளைப்போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏகாம்பரத்தின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வைட்டமின் இல்லம்மா. அபின் ஜாதி மாத்திர. உன் ஊட்டுக்காரர இன்னிக்கே திருப்பதிக்கு இட்டுக்கினு போவணும், நாங்க கூட வர்றோம். சொல்ற நான் இவனோட கூடப் பொறந்தவ."

நான் திரும்பிப் பார்த்தபோது குமரேசன் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.